இரண்டு பக்கமும் தொண்ணூற்று நான்கு பக்கமும்: 1959-இன் இரு மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள்

பெங்களூர் வைட்ஃபீல்டின் இபிஐபி வட்டாரத்தில் இரண்டு பெரிய மருத்துவ நிறுவனங்கள் இருக்கின்றன. 2001 ஜனவரி 19 அன்று திறக்கப்பட்ட ஸ்ரீ சத்ய சாய் உயர் மருத்துவ நிறுவனம் இதய, மூளை அறுவைச் சிகிச்சைகளைக் கட்டணமின்றிச் செய்துவருகிறது. மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் அதன் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. வைதேகி மருத்துவக் கல்லூரியும் அதே வட்டாரத்தில்தான். இங்கெல்லாம் மேற்படிப்புப் படிக்கும் மருத்துவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அதை ஜர்னல் கட்டுரையாகச் சுருக்கும்போதுதான் திணறல் தொடங்குகிறது. அப்படிச் சுருக்கிய வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் இன்ட்ரொடக்‌ஷன், மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ், டிஸ்கஷன் என்ற நான்கு தலைப்புகளும் சரியான வரிசையில் இருக்கும். எந்தத் தலைப்பின் கீழ் எது வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

எழுதியவர்களிடம் நான் விதிமுறைப் பட்டியலை நீட்டுவதில்லை. 1959-இல் இந்தியாவிலிருந்து வெளியான இரண்டு கட்டுரைகளைச் சேர்த்து வைத்துப் படிக்கச் சொல்கிறேன். ஒன்று, கல்கத்தாவின் சம்புநாத் டே மே 30 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் காலராவைப் பற்றி எழுதியது. 1533, 1534 என்று இரண்டே பக்க எண்களுக்குள் அடங்கிவிட்டது. மற்றது, சென்னையின் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் உலக சுகாதார நிறுவனத்தின் ‘புல்லட்டின்’ இதழில் வெளியிட்டது. 51-ஆம் பக்கத்தில் தொடங்கி 144-இல் முடிகிறது. மொத்தம் 94 பக்கங்கள்.

இரண்டுமே தேவைக்கு மேல் ஒரு பக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பது என் கருத்து. மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் அமைப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: ஆய்வாளர் எடுத்துக்கொண்ட கேள்வி, அதைப் படிக்கப்போகிறவர் எழுப்பக்கூடிய சந்தேகங்கள். நான்கு தலைப்புகளும் அந்தச் சந்தேகங்களுக்கு வரிசையாகப் பதில் சொல்லும் இடங்கள். இந்த இரு கட்டுரைகளையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

நான்கு தலைப்புகள் வந்த வழி

இன்று ‘இம்ராட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த வடிவம் மிகப் பழையது அல்ல. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், லான்செட், ஜாமா, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆகிய நான்கு இதழ்களில் 1935 முதல் 1985 வரை வெளியான கட்டுரைகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. 1940-களில்தான் இந்த வடிவம் தலைகாட்டியது. 1970-களில் ஐந்தில் நான்கு கட்டுரைகளுக்கு மேல் அதைப் பின்பற்றின. 1980-களில் அதுவே ஒரே வடிவமாகிவிட்டது என்று அது காட்டியது. ஆக, 1959 என்பது இந்த வடிவம் இன்னும் இறுகாத காலம். எழுதுபவருக்குத் தன் கட்டுரையின் உருவத்தைத் தானே முடிவு செய்யும் சுதந்திரம் இருந்தது.

அந்த வடிவத்தின் உட்பொருளை எளிதாகச் சொன்னவர் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். 1965-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியபோது, கட்டுரை படிப்பவர் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றார்: ஏன் தொடங்கினீர்கள், என்ன செய்தீர்கள், என்ன விடை கிடைத்தது, அதற்கு என்ன பொருள். 1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் ஸ்ட்ரெப்டோமைசினைக் காசநோயாளிகள் 107 பேரிடம் சோதித்து வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வை வடிவமைத்தவர் அவர்தான். அதே கவுன்சில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து 1956-இல் சென்னை மையத்தை ஏற்படுத்தியது. எனவே ஹில்லின் அந்த நான்கு கேள்விகளையே என் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

தலைப்பும் ஆசிரியர் பெயரும்

முதலில் தலைப்பு. டேயின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘பாக்டீரியா நீக்கிய விப்ரியோ காலரே வளர்ப்பு வடிநீரின் குடல் நச்சுத்தன்மை’. கண்டுபிடிப்பு முழுவதும் அதிலேயே இருக்கிறது. எந்தக் கிருமி, அதன் எந்தப் பகுதி, எந்த உறுப்பில், என்ன செய்கிறது என்ற நான்கையும் சொல்லிவிடுகிறது. நேரமில்லாதவர் தலைப்போடு நிறுத்திக்கொண்டாலும் செய்தி கிடைத்துவிடும்.

சென்னைக் கட்டுரையின் தலைப்பு: ‘தென்னிந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சையும்: ஒரே காலத்தில் நடந்த ஒப்பீடு’. எது வென்றது என்று இதில் இல்லை. எந்த நோய், எந்த இரண்டு சிகிச்சைகள், எந்த ஊர் மக்கள், எப்படி ஒப்பிட்டார்கள் என்பது மட்டும் இருக்கிறது. பழைய நோயாளிகளின் பதிவேடுகளோடு புதிய நோயாளிகளை ஒப்பிடவில்லை, இரு தரப்பையும் ஒரே காலத்தில் நடத்தினோம் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தார்கள். முடிவை நம்புவதற்கு ஆதாரம் அந்த ஒப்பீட்டு முறைதான் என்பதால் அதற்கு முதலிடம்.

ஆய்வகக் கண்டுபிடிப்புக்கு முடிவைச் சொல்லும் தலைப்பும், சிகிச்சை ஆய்வுக்கு முறையைச் சொல்லும் தலைப்பும் பொருந்தும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். 1996-இல் முதலில் வெளியாகிப் பலமுறை திருத்தப்பட்ட ‘கன்சார்ட்’ வழிகாட்டுதலும் சிகிச்சை ஆய்வின் தலைப்பில் அதன் முறை தெரிய வேண்டும் என்கிறது.

ஆசிரியர் பெயரிலும் வேறுபாடு உண்டு. டேயின் கட்டுரையில் ஒரே பெயர். சென்னைக் கட்டுரையில் தனிமனிதர் பெயர் இல்லை. மையத்தின் பெயரே ஆசிரியர் இடத்தில் நிற்கிறது. மையத்தின் முதல் இயக்குநரான வாலஸ் ஃபாக்ஸின் பெயர்கூட அங்கே முன்னிறுத்தப்படவில்லை. செவிலியர், சமூகப் பணியாளர், ஆய்வக ஊழியர், புள்ளியியலாளர் என்று பலர் கைப்பட்ட வேலைக்கு அது நேர்மையான தீர்வு. வேலை செய்யாத துறைத்தலைவரின் பெயர் பட்டியலில் ஏறும் வழக்கத்துக்கு இந்த இரு கட்டுரைகளும் இடம் தரவில்லை.

ஏன் தொடங்கினார்கள்? முன்னுரை

1884-இல் கல்கத்தாவில் காலரா நோயாளிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக், வளைந்த வடிவ விப்ரியோ கிருமியே நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் ஊகித்தார். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நஞ்சு யார் கைக்கும் சிக்கவில்லை. ஆய்வாளர்கள் பெரும்பாலும் கிருமியின் உடலுக்குள் இருக்கும் எண்டோடாக்சினைத் தேடினார்கள். அதை விலங்குகளின் ரத்தத்திலோ வயிற்றறையிலோ செலுத்திப் பார்த்தார்கள். விலங்குகள் நோயுற்றன, இறந்தன. ஆனால் காலராவின் அடையாளமான, அரிசி கழுவிய நீர் போன்ற பேதி வரவில்லை.

1915-இல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்து, லண்டனில் ராய் கேமரனிடம் முனைவர் பட்டம் பெற்றுக் கல்கத்தா திரும்பிய டே, நோய் குடலில் நடக்கிறது என்றால் குடலிலேயே தேட வேண்டும் என்று நினைத்தார். 1953-இல் சட்டர்ஜியோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி, அந்த வளையத்துக்குள் கிருமி வளர்ப்பைச் செலுத்திப் பார்த்ததை விவரித்தார். மறுநாள் வளையம் நீர் கோத்து வீங்கியிருந்தது. வெறும் வளர்ப்புக் கரைசல் செலுத்திய வளையம் வீங்கவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வி மிச்சம்: நீரைக் கோக்க வைப்பது கிருமியா, அது வெளியே சுரக்கும் பொருளா? 1959 கட்டுரை தொடங்குவது இந்த இடத்தில். காலராவின் வரலாற்றையோ உலகப் பரவலையோ அது விவரிக்க வேண்டியதில்லை. ‘நேச்சர்’ வாசகருக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஓரிரு அடிதான் தூரம்.

சென்னைக் கட்டுரைக்கு அந்த வசதி இல்லை. 1950-களின் தொடக்கத்தில் ஐசோனயசிட் வந்து, ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் ஆகிய மருந்துகளோடு சேர்ந்து காசநோயை மருந்தால் குணப்படுத்தும் காலம் பிறந்திருந்தது. ஆனால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, செவிலியர் கவனிப்பு எல்லாம் கொண்ட சானடோரியம்தான் சிகிச்சைக்கு உரிய இடம் என்ற நம்பிக்கை மாறவில்லை. சவுரி முத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் தந்திருக்கிறது. அந்த நம்பிக்கை அவ்வளவு வலுவானது. இந்தியாவின் நோயாளிகளில் சிறு பகுதியினருக்குக்கூடப் படுக்கை தர முடியாது என்பதும் உண்மை. நெரிசலான வீட்டில், அரைவயிற்று உணவோடு வாழும் ஏழைக்கு மருந்தை மட்டும் கொடுத்தால் போதுமா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கான நியாயத்தையே முன்னுரை நிறுவ வேண்டியிருந்தது. அதைப் படிக்கப்போகிறவர்களில் ஐரோப்பாவின் நெஞ்சக மருத்துவரும் உண்டு, தில்லியின் சுகாதார அதிகாரியும் உண்டு.

நான் பார்க்கும் வரைவுகளில் முன்னுரையே மிக நீளமாக இருக்கிறது. நீரிழிவு பற்றிய ஆய்வென்றால், நீரிழிவு என்பது என்ன என்று பாடப்புத்தகம் போலத் தொடங்கும். நீரிழிவு ஜர்னல் படிப்பவருக்கு அது தேவையில்லை. மூன்று பத்திகள் போதும்: தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அதில் எதைக் கண்டறிய முனைந்தோம். மூன்றாவது பத்தியின் கடைசி வாக்கியம் ஆய்வின் கேள்வியாக இருக்க வேண்டும். டே அந்தத் தூரத்தை விரைவாகக் கடந்தார், சென்னைக் குழு நிதானமாகக் கடந்தது. இருவரும் போய்ச் சேர்ந்தது ஒரு குறிப்பான கேள்வியில்.

என்ன செய்தார்கள்? முறைகள்

இரு கட்டுரைகளும் மிக அதிகம் விலகுவது இங்கேதான். டேயின் முறை ஏற்கெனவே 1953-இல் அச்சாகிவிட்டது. ஆகவே அந்த வளையச் சோதனையை மீண்டும் விவரிக்காமல் பழைய கட்டுரையைச் சுட்டினால் போதும். புதிதாகச் சேர்ந்தது வடிகட்டல் மட்டுமே. கிருமியை வளர்த்து, அந்த நீரைக் கிருமி இல்லாமல் வடிகட்டி, வடிநீரை மட்டும் குடல் வளையத்தில் செலுத்துவது. முயலின் குடல் எந்தப் பக்கமும் சாயாது. தனக்குச் செலுத்தப்பட்டது என்ன என்று அதற்குத் தெரியாது. பாதியில் ஊரை விட்டுப் போகாது. வாசகரின் சந்தேகங்கள் குறைவு என்பதால் வாக்கியங்களும் குறைவு.

சென்னைக் குழு ஆராய்ந்தது மனிதர்களை, அதுவும் ஒரு முழு ஆண்டு. அங்கே ஒவ்வோர் அடியிலும் சந்தேகம் எழும்.

முதல் சந்தேகம்: நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கும் லேசானவரை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்களோ? அதனால்தான் யாருக்கு எந்த இடம் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கினார்கள். இரண்டாவது: மருந்து வேறு வேறா? இல்லை. இரு தரப்புக்கும் ஐசோனயசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு. மூன்றாவது: நோயாளிகள் யார்? சென்னை நகரின் நெரிசலான, ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்தவர்கள். இதை வெளிப்படையாகச் சொன்னதால், வசதியானவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

நான்காவது சந்தேகம்தான் மிகக் கடினமானது: வீட்டில் இருப்பவர் மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாரா? பாஸ் அளவில் அதிகம், வயிற்றைப் புரட்டும். தூக்கி எறிய எந்த நோயாளிக்கும் தோன்றும். மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போனார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளிகள் தாங்களே மருந்தை உட்கொள்வதில் உள்ள இந்தச் சிக்கலைப் பற்றி வாலஸ் ஃபாக்ஸ் 1958-இலேயே தனிக் கட்டுரை எழுதியிருந்தார்.

முறைகள் பகுதியை எப்படி எழுதுவது என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான். உங்கள் முடிவை விரும்பாத ஒருவரை எதிரே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கெல்லாம் குறுக்கிடுவார் என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நீங்கள் செய்த ஏற்பாடுதான் முறைகள் பகுதியின் ஒரு பத்தி. ‘நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. வரிசையை உருவாக்கியது யார், அடுத்த நோயாளிக்கு எது வரும் என்பது சேர்த்துக்கொள்ளும் மருத்துவருக்குத் தெரியாமல் எப்படி மறைக்கப்பட்டது, முடிவை மதிப்பிட்டவருக்குச் சிகிச்சை தெரியுமா என்பதையும் சொல்ல வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் ஒப்புதல், பதிவு எண் ஆகியவையும் இன்று இங்கேதான் வரும். இந்தியச் சிகிச்சை ஆய்வுப் பதிவகம் 2007 ஜூலையில் தொடங்கியது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். ஆய்வைத் தொடங்கும் முன்பே கேள்வியையும் அளவுகோலையும் ஊரறிய அறிவித்துவிட்டால், முடிவுக்கு ஏற்றபடி பின்னால் கேள்வியை மாற்ற முடியாது.

என்ன விடை கிடைத்தது? முடிவுகள்

டேயின் முடிவு கண்ணுக்கே தெரிவது. கிருமி இல்லாத வடிநீர் செலுத்திய வளையத்தில் நீர் கோத்தது. கிருமி அங்கே இல்லை, விளைவு மட்டும் இருந்தது. ஆகவே விளைவைத் தருவது கிருமி வெளியே சுரக்கும் பொருள். இங்கே சோதனையின் அமைப்பே வாதத்தின் அமைப்பாகவும் இருப்பதால் நீண்ட அட்டவணைகள் தேவைப்படவில்லை.

சென்னையில் விடை ஒரே எண்ணில் அடங்கவில்லை. இருநூறுக்கும் குறைவான நோயாளிகள்தான். ஆனால் ஒவ்வொருவரிடமும் மீண்டும் மீண்டும் சளியில் கிருமி இருக்கிறதா, எக்ஸ்ரேயில் புண் ஆறுகிறதா, எடை கூடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இறந்தவர், மோசமானவர், சிகிச்சையை விட்டு விலகியவர் என்று எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 94 பக்கங்களில் பெரும்பகுதி இதற்குத்தான்.

நான் மிகவும் மதிப்பது அந்தக் கணக்கின் நேர்மையை. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் கூடியது. வீட்டுச் சிகிச்சைக்குச் சாதகமாகப் பேச வேண்டியவர்களுக்கு இது சங்கடமான செய்தி. அதை அவர்கள் மறைக்கவில்லை. இரு தரப்பையும் ஒப்பிட்டு, சானடோரியத்துக்கு வெளிப்படையான அனுகூலங்கள் பல இருந்தும் வீட்டில் மருந்து உட்கொண்டவர்களின் நிலை அதற்கு ஒப்பாகவே இருந்தது என்று காட்டினார்கள். உணவின் பங்கைத் தனியே ஆராய்ந்து 1961-இல் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார்கள்.

இன்றைய வரைவுகளில் நான் காணும் பெரிய குறை, இந்தப் பகுதியில் முடிவும் விளக்கமும் கலந்துகிடப்பது. ‘வியக்கத்தக்க முன்னேற்றம்’ என்பது விளக்கம். எத்தனை பேரில் எத்தனை பேர் என்பது முடிவு. வாசகர் எண்ணைப் பார்த்துத் தானே வியக்கட்டும். அட்டவணையில் உள்ள எண்களை அப்படியே வாக்கியங்களாக மறுபடி எழுதுவதும் தேவையற்றது. எதைப் பார்க்க வேண்டும் என்று வாக்கியம் சுட்டினால் போதும். எத்தனை பேரைப் பரிசீலித்தீர்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் இறுதிக் கணக்கில் வந்தார்கள் என்ற ஓட்டப் படம் முதலில் வர வேண்டும்.

வைட்ஃபீல்டுக்கு இது மிகவும் பொருந்தும். இங்குள்ள மருத்துவமனைகளுக்குப் பல மாநிலங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று அறிவது எளிதல்ல. தொலைபேசி எண் மாறியிருக்கும். ரயில் செலவுக்குப் பணம் இருக்காது. திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணிச் சதவீதம் போட்டால், நலமாக இருப்பவர்கள் மட்டுமே திரும்பினார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கும். திரும்பாதவர்களின் எண்ணிக்கையை முடிவுகளின் முதல் பத்தியிலேயே சொல்வதுதான் நேர்மை.

அதற்கு என்ன பொருள்? விவாதம்

விவாதப் பகுதியில் இரு கட்டுரைகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. இரண்டும் கையில் இருக்கும் ஆதாரத்தைத் தாண்டிப் போகவில்லை. டே காலராவுக்கு மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. அந்த நஞ்சைத் தனியே பிரித்தெடுத்ததாகவும் சொல்லவில்லை. அதைத் தூய வடிவில் பிரிக்க இன்னும் பத்தாண்டுகள் ஆயின. 1969-இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் அதைச் செய்தார்கள்.

சென்னைக் குழு, பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை தருவது பொருத்தம் என்று முடித்தது. ஆனால் போதுமான சேவை அமைப்பு இருந்தால் மட்டுமே என்ற நிபந்தனையோடு. வீடு தேடிப் போகும் ஊழியர்கள், மருந்துத் தொடர்ச்சி, பரிசோதனை எல்லாம் சேர்ந்துதான் அந்த விளைவைத் தந்தன என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். விடை கிடைக்காத கேள்வியையும் அப்படியே விட்டுவிடவில்லை. நோயாளி வீட்டிலேயே இருந்தால் குடும்பத்தினருக்குத் தொற்று கூடுமா, குணமானவருக்கு நோய் திரும்புமா? அதே நோயாளிகளையும் குடும்பங்களையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து 1966-இல் தனித்தனிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒரு கட்டுரையின் குறைபாடு அடுத்த கட்டுரையின் கேள்வியாக மாறியது.

விவாதம் எழுதத் தெரியாமல் பலர் இலக்கிய மதிப்பாய்வை இங்கே கொட்டுகிறார்கள். நான்கு பத்திகளில் முடிக்கலாம்: முதன்மை முடிவு இரண்டு வாக்கியத்தில்; பிறர் கண்டதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது, ஏன்; இந்த ஆய்வின் குறைகள் முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கக்கூடும்; இதனால் மருத்துவத்தில் என்ன மாற வேண்டும், எந்த நிபந்தனையோடு. ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்று முடிப்பதைவிட எந்த ஆய்வு தேவை என்று சொல்வது பயனுள்ளது.

இங்கே ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். 1963-இல் அறிவியலாளர் பீட்டர் மெடவார், அறிவியல் கட்டுரையின் வடிவம் அறிவியல் சிந்தனை நடக்கும் விதத்தைத் தவறாகக் காட்டுகிறது என்று வாதிட்டார். டேயின் இரு கட்டுரைகளுக்கும் இடையிலான ஆறு ஆண்டுகளின் தடுமாற்றம் எதுவும் அந்த இரண்டு பக்கங்களில் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆய்வாளர் வந்து சேர்ந்த பாதையும், வாசகர் சரிபார்க்க வேண்டிய பாதையும் வேறு வேறு. கட்டுரை இரண்டாவதற்காக எழுதப்படுகிறது. முதலாவதை மறைக்கிறது என்பது குறையே. ஆனால் அது பொய்யாவது, தோற்ற சோதனைகளை விட்டுவிட்டு வென்றதை மட்டும் முன்பே திட்டமிட்டதுபோல் காட்டும்போதுதான்.

அச்சான பின்

நன்றாக அமைந்த கட்டுரை உடனே கவனம் பெறும் என்று சொல்ல முடியாது. சென்னை ஆய்வுக்கு வரவேற்பு விரைவாகக் கிடைத்தது. அதே 1959-இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் உருவாயிற்று. பெல்லாரி சாலையில் இருக்கும் அந்த நிறுவனம், சென்னையின் முடிவையும் தன் கள ஆய்வுகளையும் இணைத்து 1962-இல் தேசிய காசநோய்த் திட்டம் உருவாக வழிவகுத்தது. வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது உலகின் வழக்கமாயிற்று.

டேயின் கட்டுரை பல ஆண்டுகள் போதிய கவனம் பெறாமல் கிடந்தது. பின்னர் காலரா ஆய்வின் திருப்புமுனையாக அது ஏற்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு டே அழைக்கப்பட்டார். சொந்த நாட்டின் பெரிய விருது எதுவும் கிடைக்காமலே 1985-இல் மறைந்தார். பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ 1990-இல் அவருக்கென ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் கட்டுரையின் அமைப்பு காரணமல்ல. சென்னைக் குழுவின் பின்னே நான்கு நிறுவனங்கள் நின்றன. முடிவு வெளியாகும்போதே அதை நடைமுறைப்படுத்தக்கூடியவர்கள் காத்திருந்தார்கள். டே தனியாளாக இருந்தார். ஆனால் அமைப்பு ஒன்றைச் செய்தது. பத்தாண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தவர்கள் அந்த இரண்டு பக்கங்களைப் படித்தே சோதனையைப் புரிந்துகொள்ளவும் திரும்பச் செய்யவும் முடிந்தது. அவரது குடல் வளையம் உலகெங்கும் ஆய்வகங்களின் பொதுக் கருவியாயிற்று.

இன்று எழுதுபவருக்கு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். வைட்ஃபீல்டில் எப்போதும் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மருத்துவர் அவர்களிடையே காசநோய்ச் சிகிச்சை பற்றி ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

மருந்து உட்கொண்டதைச் சிறுநீரில் கண்டறிய ஒரு புதிய எளிய சோதனை சரியாக வேலை செய்கிறதா என்பது அவர் கேள்வி என்றால், அது டேயின் வழி. ஒரே கேள்வி, பழகிய முறை, தெளிவான ஒப்பீடு. இரண்டு மூன்று பக்கங்களில் குறுங்கட்டுரையாக எழுதலாம், முடிவையே தலைப்பாக்கலாம். வேலைத்தளத்துக்கே சென்று மருந்து கொடுப்பது நல்லதா, மருத்துவமனைக்கு வரச் சொல்வது நல்லதா என்பது கேள்வி என்றால், அது சென்னையின் வழி. ஒதுக்கீடு, விலகியவர், இடம் மாறியவர், மருந்தை விழுங்கியதற்கு ஆதாரம் என்று எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். தலைப்பில் முறை இருக்க வேண்டும். இரண்டு கேள்விகளையும் ஒரே கட்டுரையில் திணித்தால் இரண்டும் கெடும்.

எழுதும் வரிசையும் படிக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதலில் அட்டவணைகளையும் படங்களையும் முடித்துவிடுங்கள். பிறகு முறைகள், முடிவுகள், விவாதம், முன்னுரை. சுருக்கத்தையும் தலைப்பையும் கடைசியில் எழுதுங்கள். நோக்கம், முறை, முடிவு, தீர்வு என்று பகுத்து எழுதும் சுருக்கம் 1987 முதல் மருத்துவ இதழ்களில் வேரூன்றியது. பலர் அதை மட்டுமே படிப்பார்கள் என்பதால், கட்டுரைக்குள் இல்லாத எதுவும் சுருக்கத்தில் இருக்கக் கூடாது; கட்டுரையில் உள்ள நிபந்தனை சுருக்கத்தில் விடுபடவும் கூடாது.

சென்னையின் அந்த நோயாளிகள் ஓராண்டு முழுவதும் சளியும் சிறுநீரும் கொடுத்தார்கள். சொல்லாமல் வந்து நின்ற ஊழியருக்குக் கதவைத் திறந்தார்கள். அவர்கள் கொடுத்ததை ஒரு மருத்துவக் குழு யாரும் சரிபார்க்கக்கூடிய ஒழுங்கில் எழுதி வைத்ததால், பின்னால் வந்த எத்தனையோ நோயாளிகள் படுக்கைக்காகக் காத்திருக்காமல் வீட்டிலிருந்தே குணமானார்கள். ஆய்வில் சேர ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு நோயாளிக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அதுதான். குழப்பமாக எழுதப்பட்ட கட்டுரையால், அதே சோதனைக்கு இன்னொரு நோயாளி மறுபடி உட்பட வேண்டிவரும். தெளிவான அமைப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் பட்டமோ பதவி உயர்வோ அல்ல. நோயாளி ஒருமுறை கொடுத்தது வீணாகக் கூடாது என்பதே.